அவளுக்கும் கேட்கிறதாம்

என் தங்கை ஜெசிந்தா தனக்கும் என் வியாதிதான் என்று அறிவித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் சங்கரா மீன் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். நிம்மதியாகச் சாப்பிடுகிற ஒருத்தியிடம் சொல்கிற விஷயமா இது?

“பிலோக்கா, கோவப்படாம கேளு. எனக்கும் கேட்குது.”

“என்னடி கேட்குது?”

“குரல்.”

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஜெசிக்குத் தலைவலி வந்தால் மூளையில் கட்டி. நெஞ்சு கரித்தால் மாரடைப்பு. போன வருஷம் தைராய்டு இல்லை என்று ரிப்போர்ட் வந்தபோது அவளுக்கு லேசான வருத்தம்கூட. காலேஜில் காமர்ஸ் சொல்லிக்கொடுக்கிறாள், வயது முப்பத்து மூன்று. ஆனால் எந்த நோயைப் பற்றிப் படித்தாலும் அது தன்னைப் பார்த்து எழுதியது என்று நம்புவாள்.

“ஆப்ல அறுபது கேள்விக்கா. நாப்பத்தேழு எனக்கு அப்படியே பொருந்துது. டாக்டர்கிட்டப் போய்த்தான் தெரிஞ்சுக்கணும்னு இப்ப இல்லையே. தன்னறிவிப்புச் சட்டம் வந்தாச்சு.”

“நாப்பத்தேழு மார்க்கா? பாஸாயிட்ட போ. ஸ்வீட் வாங்கிட்டு வரட்டுமா?”

அவள் முகம் சுருங்கிப்போனது. எனக்கு அது போதவில்லை. இன்னும் நாலு வார்த்தை சுள்ளென்று சொல்ல நாக்கு துடித்தது.

எனக்கு இருபத்திரண்டு வயதில் வந்தது. நர்ஸிங் மூன்றாம் வருஷம். ஒரு ஆள் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நான் செய்வதையெல்லாம் ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி சொல்ல ஆரம்பித்தான். பிலோமினா குழாயைத் திறக்கிறாள். பிலோமினா குடிக்கப் போகிறாள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று பிலோமினாவுக்குத் தெரியாது. மூன்று நாள் தண்ணீர் குடிக்காமல் கிடந்தேன். பாலக்கரை மாதா கோயிலில் பூசை நடக்கும்போது எழுந்து நின்று, “நான் நினைக்கிறதெல்லாம் உங்க எல்லாருக்கும் கேட்குது, காதைப் பொத்துங்க” என்று கத்தினேன். பதினோரு மாதம் வார்டில் இருந்தேன். கட்டிலோடு சேர்த்துக் கட்டிய பட்டையின் தழும்பு இடது மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது. நிச்சயம் செய்த வீட்டார் நேரில் வரவில்லை, நிச்சயப் புடவையை மட்டும் திரும்பக் கேட்டு அனுப்பினார்கள். மடித்துக் கொடுத்தோம்.

அவ்வளவும் போய்த்தான் அந்த வியாதி எனக்கென்று ஆனது. என்ன இவள், வியாதியைப் போய் சேர்த்து வைத்த நகை மாதிரி பேசுகிறாளே என்று உங்களுக்குத் தோன்றும். அதை அப்படித்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. இவள் நோகாமல் போனைத் தட்டி அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

“என்ன சொல்லுது உன் குரல்?” என்றேன்.

“நம்பர் நம்பரா சொல்லுதுக்கா. ரெண்டே கால், முக்கால், நூத்தி எழுபது... இப்படி. ஈஸ்டர் முடிஞ்சதுலருந்து. அப்பப்ப திட்டுது.”

“வியாதிக்குக் கணக்கெல்லாம் வராதுடி. கைகழுவிட்டு எழுந்திரு.”

என்னை மறுபடி மனுஷியாக நடமாட வைத்தது துணைச்செவி. அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். என் வலது காதுக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒன்று ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே தோலுக்குள் தலைமுடி கனத்தில் ஒரு இழை. ஜெசிக்கும் அதே மாதிரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் இருவருக்கும் இதைப் பொருத்தியபோது டாக்டர் கமலநாதன் சொன்னார்:

“உங்களுக்குக் குரல் கேட்கிறப்ப, உண்மையில உங்க மூளையே பேசுது பிலோமினா. அந்த அசைவை உங்க பொத்தான் பிடிக்கும். பிடிச்சு, தங்கச்சியோட பொத்தானுக்கு ஒரு துடிப்பு அனுப்பும். துடிச்சா அது உள்ளருந்து வந்த சத்தம். துடிக்கலேன்னா வெளியருந்து வந்த சத்தம். நீங்க கேளுங்க, அவங்க சொல்லுவாங்க.”

“நான் நினைக்கிறது அவளுக்குக் கேட்குமா டாக்டர்?”

“சேச்சே. சத்தமே போகாது, துடிப்பு மட்டும்தான். அதுவும் ஒருவழிப் பாதை.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பேச்சில் இரண்டு வார்த்தை சேர்ந்தது. யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். நான் ஜெசியைப் பார்ப்பேன். “உள்ளேக்கா” என்பாள், நான் போய் உட்கார்ந்துவிடுவேன். “வெளியேக்கா” என்றால் எழுந்து போய்த் திறப்பேன். நான் கடையில் இருந்தால் போனில் ஒற்றை வார்த்தை வரும். வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போது, பல்லு பிடுங்குகிற நாற்காலியில் படுத்திருக்கும்போது, ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. துணைச்செவியாக இருப்பவர் ரத்த உறவாக, ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். பெங்களூரில் இருந்து வந்த நல்ல சம்பந்தத்தை அவள் எதற்காக வேண்டாம் என்றாள் என்று எனக்குத் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இதெல்லாம் தெரிந்தும் எனக்குக் கோபம் வந்தது. தெரிந்ததால் இன்னும் அதிகமாக வந்தது.

சட்டப்படி தனக்கு நோய் இருப்பதாகத் தானே அறிவித்துக்கொள்கிறவருக்கு நீலப் பட்டை ஒன்று கொடுப்பார்கள், கையில் கட்டிக்கொள்ள. ஜெசி கட்டிக்கொண்டாள். மேல் வீட்டு அக்கா ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து கொடுத்து, “தைரியமா இரும்மா, வெளிய சொன்னதே பெரிய விஷயம்” என்று கண்கலங்கினாள். என் காலத்தில் இதே அக்காதான் என் பக்கம் குழந்தை வராமல் இழுத்துக்கொண்டு போனாள். காலேஜில் பிள்ளைகள் அவளுக்குக் கைதட்டினார்களாம். ‘குரல் கேட்போர்’ என்று ஒரு குழு; அதில் தினமும் பேசி வீடியோ போட்டாள். “என் அக்காவுக்கும் இது இருக்கு, அவங்களைப் பார்த்துத்தான் எனக்குப் புரிஞ்சுது” என்று ஒன்றில் சொன்னாள். நானூறு இதயம் விழுந்திருந்தது. அந்த வார்டின் பினாயில் வாடையை இந்த நானூறு பேரில் யார் முகர்ந்திருப்பார்கள்?

பட்டை சும்மா கிடைக்கும், மாத்திரை கிடைக்காது. அதற்கு ஒரே வீட்டில் இருக்கிற ஒருவர் சாட்சிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இவருக்கு இந்த நோய் இருப்பதை நான் நேரில் அறிவேன் என்று. ஜெசி அதைப் பூர்த்தி செய்து, கையெழுத்து இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள்.

“போட மாட்டேன்,” என்றேன்.

“ஏன்க்கா?”

“பொய்ச்சாட்சி பாவம்.”

காதைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

சும்மா சொல்லக்கூடாது, டாக்டரும் அவளை உடனே நம்பிவிடவில்லை. பொத்தானில்தான் கோளாறோ என்று ஜெசியுடையதைக் கழற்றி ஒரு வாரம் வைத்துக்கொண்டார். அந்த ஒரு வாரம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். பஸ்ஸில் என் பேரைச் சொல்லி யாரோ கூப்பிட, திரும்பலாமா கூடாதா என்று தெரியாமல் கழுத்து வலிக்க நேராகப் பார்த்துக்கொண்டே போனேன். இவளுடைய வேஷத்துக்கு நான் பலியா என்று இருந்தது. வாரம் முடிந்து போனபோது ஜெசி, “குறையவே இல்ல டாக்டர், அப்படியே கேட்குது” என்றாள். அப்படியானால் பொத்தான் காரணம் இல்லை என்று எழுதிக்கொண்டு திரும்பக் கொடுத்துவிட்டார். என் பொத்தானைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அதைத்தான் ஈஸ்டருக்கு மறுநாள், அசைவை இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்லிப் புதுசாக மாற்றியிருந்தார்கள்.

நான் தில்லைநகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். கடைக்குப் பின்னால் சின்ன அறை, ஒரு மெஷின், நான். ஒரு புதன்கிழமை காலை மெஷின் ஓடிக்கொண்டிருக்க, மனசுக்குள் ஜெசியை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தேன். உனக்கு வேலை கிடைத்தது, நாலு பேர் மதிப்பு கிடைத்தது, எனக்கென்று இருந்தது இந்த ஒரு கருமம்தானே, அதையும் பிடுங்கிக்கொண்டாயே. வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஜெசி சோபாவில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

“இன்னைக்கு ரொம்ப மோசம்க்கா. கிளாஸ்ல நிக்க முடியல.”

“என்னவாம்?”

“‘உனக்கு வேலை கிடைச்சுது, மதிப்பு கிடைச்சுது. எனக்குன்னு இருந்தது இந்த ஒரு கருமம்தானே, அதையும் பிடுங்கிக்கிட்ட’ன்னு. திரும்பத் திரும்ப. நான் யாருகிட்டக்கா என்னத்தைப் பிடுங்கினேன்?”

என் கையிலிருந்த சாப்பாட்டுக் கூடை கீழே விழுந்தது. டப்பா உருண்டு டீவி மேசைக்கு அடியில் போனது. அதை எடுக்கிற சாக்கில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“பொம்பளைக் குரலா ஜெசி அது?” என்று கேட்டேன்.

“குரல்னே சொல்ல முடியாதுக்கா. நானே நினைக்கிற மாதிரி இருக்கும். ஆனா நான் நினைக்கல.”

குழுவில் சொல்லிக்கொடுத்தபடி அவள் கேட்டதையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். மறுநாள் அவளுக்குத் தெரியாமல் அதைக் கடைக்கு எடுத்துப்போனேன். பழைய ஆர்டர் கார்டுகளை ஒரு கம்பியில் குத்தி வைத்திருப்போம். மே மாதம் ஏழாம் தேதி நோட்டில்: ரெண்டே கால், முக்கால், நூத்தி எழுபது. ஏழாம் தேதி கார்டில், யாரோ ஒரு மும்தாஜ் பேகத்துக்கு, வலது கண்: மைனஸ் இரண்டே கால், சிலிண்டர் முக்கால், ஆக்ஸிஸ் நூற்று எழுபது. அடுத்தது, அதற்கடுத்தது. தேய்க்கும்போது பவரை மனசுக்குள் சொல்லிக்கொள்வது என் பழக்கம், தப்பாகிவிடக்கூடாது என்று. பதினாறு கார்டு ஒத்துப்பார்த்தேன். பதினாறும் சரியாக இருந்தது. பதினேழாவதை எடுக்கக் கை வரவில்லை.

வீட்டுக்கு வந்து இன்னொன்றும் செய்து பார்த்தேன். ஜெசி ஹாலில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் முருங்கைக்காய் நறுக்கியபடி, உதட்டை அசைக்காமல் பதினேழாம் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தேன். பதினேழு மூணு ஐம்பத்தொன்று. பதினேழு நாலு அறுபத்தெட்டு. ஏழுக்கு வரும்போது ஹாலில் நாற்காலி நகர்ந்தது.

“நிறுத்து,” என்றாள் ஜெசி, யாரும் இல்லாத பக்கம் பார்த்து. “நூத்திப் பத்தொன்பது, தெரியும். நிறுத்து!”

நிறுத்தினேன். அவள் மூச்சு வாங்குவது சமையலறை வரை கேட்டது.

நியாயமாகப் பார்த்தால் நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நான் சொன்னதுதானே சரி? அவளுக்கு வியாதி இல்லை. அறுபது கேள்வி, நீலப் பட்டை, நானூறு இதயம் எல்லாம் வெறும் பேத்தல். அவளுக்கு இருந்தது நான். நாலு மாசமாக அவளை ராத்திரி பகலாகப் பிடுங்கித் தின்றது என் பொருமல்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைக் கழுவினேன். கழுவும்போதே, ஐயோ இதையும் அவள் கேட்டுக்கொண்டிருப்பாளே என்று நினைத்தேன். அதையும் அவள் கேட்டிருப்பாள்.

மறுநாள் இரண்டு பேரும் துணைச்செவி மையத்துக்குப் போனோம். நோட்டையும் கார்டுகளையும் டாக்டர் கமலநாதன் மேசையில் பரப்பினேன். தடுமாறாமல், கோர்வையாகச் சொன்னேன். என் பொத்தானிலிருந்து துடிப்பு மட்டும் போகவில்லை, என் நினைப்பே போகிறது. ஒன்பது வருஷத்தில் அவள் தலைக்குள் இருக்கிற இழை அதைப் பிடிக்கப் பழகிவிட்டது. அவளுடைய பொத்தானைக் கழற்றிப் பார்த்தது தப்பு, என்னுடையதைக் கழற்றியிருக்க வேண்டும். டாக்டர் பாதியிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார். என் பழைய ஃபைலைப் புரட்டி ஒரு இடத்தில் விரல் வைத்தார்.

“பிலோமினா, பதினாறு வருஷத்துக்கு முன்னாடி, கோயில்ல. ‘நான் நினைக்கிறது எல்லாருக்கும் கேட்குது.’ ஞாபகம் இருக்கா?”

“அது வேற டாக்டர். அது வியாதி.”

“இது?”

என் வியாதியிலேயே பேர்போன அறிகுறி அது. பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது, நர்ஸிங்கில் நானே படித்திருக்கிறேன்.

“இந்தக் கார்டைப் பாருங்க டாக்டர், நம்பர் ஒத்துப்போகுது!”

“ஒரே வீட்ல இருக்கீங்க. நீங்க வாய்விட்டுச் சொல்லியிருப்பீங்க, அவங்க காதுல விழுந்திருக்கும். நம்பர்ல அர்த்தம் தேடாதீங்கம்மா.” ஆனாலும் நல்ல மனுஷன். “சரி, உங்க திருப்திக்குப் பார்த்துடுவோம். ஒரு நம்பர் நினைங்க,” என்று ஜெசியை அடுத்த அறைக்கு அனுப்பினார்.

நானூற்றுப் பன்னிரண்டு என்று நினைத்தேன். மண்டை வெடிக்கிற மாதிரி நினைத்தேன். ஜெசி வந்து உதட்டைப் பிதுக்கினாள். “ஒண்ணும் கேட்கல டாக்டர். ஆஸ்பத்திரிக்கு வந்தாலே அது பேசறதில்ல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மையத்தில் ஒரே நேரத்தில் நூறு பொத்தான் இருக்கும். ஒன்றோடொன்று குழம்பிவிடக்கூடாது என்று வாசலில் நுழையும்போதே எல்லாவற்றையும் தூங்க வைத்துவிடுவார்கள்.

“கேட்டுக்கு வெளிய வாங்க டாக்டர்! வேப்ப மரத்தடியில வச்சுப் பார்ப்போம். ரெண்டே நிமிஷம்.”

“ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைக்கும் பிலோமினா,” என்றார் அவர் மெதுவாக. வெளியே வரிசையில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் ஜெசி பக்கம் திரும்பினேன். “நீ சொல்லுடி. பதினேழாம் வாய்ப்பாடு கேட்டுச்சா இல்லையா? சொன்னது நான்தான்டி!”

ஜெசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் இருந்தது பயமா, கோபமா என்று எனக்குப் புரியவில்லை. “எனக்கு வியாதி இல்லைன்னு காட்டணும்னு ஏன்க்கா இப்படித் துடிக்கிற?” என்றாள். அப்புறம் குரல் இறங்கி, ஒன்பது வருஷமாகச் சொல்வது மாதிரியே சொன்னாள். “அது உள்ளேக்கா.”

எது நிஜம் எது இல்லை என்று எனக்குச் சொல்ல உலகத்தில் இருந்தது அவள் ஒருத்திதான். அவளே சொல்லிவிட்டாள். எனக்கு மாத்திரையைக் கூட்டி எழுதினார்கள்.

அடுத்த இரண்டு நாள் நான் நல்லதாக நினைக்கப் பார்த்தேன். யாராவது முயற்சி செய்து பாருங்கள். ஒன்றை நினைக்காதே என்றால் மனசு அதையே கட்டிக்கொண்டு அழுகிறது. என்னைப் பைத்தியம் என்று டாக்டர் முன்னால் முத்திரை குத்திவிட்டாளே என்ற ஆத்திரம் வேறு. மூன்றாம் நாள் காலையில் மெஷினில் லென்ஸ் உடைந்து விரலைக் கிழித்தபோது, இவள் தொலைந்தால்தான் எனக்கு விடிவு என்று ஒரு நினைப்பு ஓடியது. ஒரே ஒரு தடவைதான். சத்தியமாக ஒரே ஒரு தடவை.

விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். ஜெசி கீழே இல்லை. மொட்டை மாடிக்கு ஓடினேன். நல்ல வெயில். துவைத்த போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றிருந்தாள், கீழே தெருவைப் பார்த்தபடி. செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

“ஜெசி.”

திரும்பவில்லை. “தொலைஞ்சு போகச் சொல்லுதுக்கா. ஒரு தடவைதான் சொல்லுச்சு. ஆனா இதுவரைக்கும் அவ்வளவு ஆசையா அது எதையும் சொன்னதில்ல.”

வேண்டாம், வேண்டாம், கீழே வா, என் தங்கமே கீழே வா என்று மனசுக்குள் அலறினேன். அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

“இப்ப கீழ வரச் சொல்லுது. எதைக்கா நம்புறது?”

“என்னை நம்பு,” என்று வாய்விட்டுச் சொல்லி, போர்வையோடு சேர்த்து அவளை இழுத்து அணைத்தேன். நாலு மாசத்தில் எவ்வளவு இளைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் பார்த்தேன். நடிப்பு, வேஷம், பேத்தல் என்று நான் சொன்னதெல்லாம் இந்த எலும்புக்கூட்டைப் பார்த்துத்தான்.

அன்றைக்கே அவளை ஆட்டோவில் ஏற்றி மையத்துக்குக் கூட்டிப்போனேன். போகும்போது ஃப்ரிட்ஜ் மேலிருந்த படிவத்தை எடுத்துக்கொண்டேன். வாசலைத் தாண்டியதும் பொத்தான் தூங்கியது. அங்கே மட்டும்தான் நான் நிம்மதியாக நினைக்க முடிந்தது. நினைத்தேன். நான் உண்மையைச் சொன்னால் அதுவே என் வியாதிக்கு அத்தாட்சி. யாரும் நம்பப்போவதில்லை. பொய் சொன்னால்?

“டாக்டர், இதுல நான் கையெழுத்துப் போட்டா, ஜெசி அப்புறம் எனக்குத் துணைச்செவியா இருக்க முடியாது இல்லையா?”

“முடியாதும்மா. குரல் கேட்கிறவங்க இன்னொருத்தருக்குக் காதா இருக்கக் கூடாது. விதி அது. ரெண்டு பேர் பொத்தானும் வாங்கிடுவோம். உங்களுக்கு வேற ஆள்...” அவர் என் ஃபைலைப் பார்த்தார். ரத்த உறவு என்று வேறு யாரும் இல்லை. “அதனாலதான் நீங்க இவ்வளவு நாள் தயங்குறீங்கன்னு நினைச்சேன்.”

“அக்கா, வேண்டாம்,” என்றாள் ஜெசி. “நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன். நீ தனியா என்ன பண்ணுவ?”

“வாயை மூடுடி.”

இவருக்கு இந்த நோய் இருப்பதை நான் நேரில் அறிவேன் என்ற வரிக்குக் கீழே, பென்சில் குறியின் மேல் கையெழுத்துப் போட்டேன். பிலோமினா சவரிமுத்து. நர்ஸ் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். என் பொத்தானை நானே கழற்றிப் போட்டேன். ஜெசியுடையது பக்கத்தில் விழுந்தது. அதே தட்டில் அவளுக்கு முதல் மாத்திரையும் வந்தது. ஆறு மாசம் குரல் வராமல் இருந்தால் மாத்திரையைக் குறைத்து நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். நிறுத்தலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஃபைலில் எழுதியதை அழிக்க முடியாது. அதுவும் தெரியும்.

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றோம். ஜெசி தலையைச் சாய்த்து எதையோ எதிர்பார்த்தாள். அப்புறம் அவள் முகம் மலர்ந்தது.

“ஒண்ணுமே இல்லக்கா! அமைதியா இருக்கு. ஒரே மாத்திரையில!”

“நல்ல மருந்துடி,” என்றேன்.

மாத்திரையா, நானா என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. உண்மையில் என் நினைப்புதான் அவளுக்குக் கேட்டதா, இல்லை டாக்டர் சொன்னதுதான் சரியா என்று எனக்குமே இனி தெரியாது. கேட்டுச் சொல்ல ஆள் கிடையாது.

மூன்று வாரம் ஆகிறது. ஜெசி தேறிவிட்டாள். காலேஜ் போகிறாள், சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நேற்று குழுவில் ஒரு வீடியோ போட்டாள். “என் அக்கா என்னை நம்பினாங்க. அவங்க போட்ட கையெழுத்துதான் என்னைக் காப்பாத்துச்சு.” அழுதுவிட்டாள். இதயம் ஆயிரத்தைத் தாண்டியது. பெங்களூர்க்காரருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம், விசாரித்தாராம். சொல்லும்போது காது மடல் சிவந்தது அவளுக்கு.

தோளுக்குப் பின்னால் நிற்கிற என் ஆள் திரும்பி வந்துவிட்டான். முன்னைவிடச் சாமர்த்தியம். இப்போது செய்தி வாசிப்பதில்லை. தெரிந்தவர்கள் குரலிலேயே பேசுகிறான். கடையில் முதலாளி குரலில் ஒரு ஆர்டர் சொன்னான், தேய்த்துவைத்தேன், அப்படி ஒரு ஆர்டரே இல்லை. ஜெசிக்கு இதைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பெங்களூர் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“நீ மட்டும் இல்லேன்னா நான் போயிருப்பேன்க்கா,” என்றாள் ஜெசி.

இத்தனை வருஷத்தில் இவ்வளவு அன்பாக அவள் என்னிடம் பேசியதில்லை. “அதெல்லாம் ஒண்ணுமில்லடி, சாப்பிடு,” என்றேன்.

ஜெசி வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“யார்கிட்டக்கா பேசுற?”